வெள்ளிக்கிழமை ஓடாத வண்டி

போன வாரம் செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே தோசை சாப்பிடப் போயிருந்தோம், நானும் வீட்டுக்காரியும். கடை என்றால் கட்டிடம் எல்லாம் கிடையாது. ஒரு பையன் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, சிவப்புப் பெயிண்ட் அடித்து, பின்பக்கம் தோசைக்கல் போட்டிருக்கிறான். வண்டியைச் சுற்றிலும் சீரியல் பல்பு. வரிசையில் நின்ற ஒரு குழந்தை ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை அமுக்கிவிட்டது. ஹாரன் சளி பிடித்த ஆடு மாதிரி முனகியது. அத்தனை பல்பும் சோர்ந்து போய், குழந்தை கையை எடுத்ததும் மறுபடி பளிச்சென்று எரிந்தன.

நான் வாயில் தோசையோடு, "எர்த்து" என்றேன்.

"க்யா அங்கிள்?" என்றான் பையன்.

வீட்டுக்காரி என் தொடையில் கிள்ளினாள். "திங்க வந்த எடத்துலயும் ஸ்பேனரத் தூக்கணுமா? பேசாம தின்னுங்க."

பேசாமல்தான் தின்றேன். ஆனால் அந்தப் பையன் அடுத்த தோசைக்காகக் கல்லில் உப்புத் தண்ணீரைத் தெளித்தான் பாருங்கள், சூடான இரும்பில் உப்புத் தண்ணீர் பட்டதும் ஒரு வாசனை வந்தது. அவ்வளவுதான். நான் செம்பூரில் இல்லை. தாராவியில் ராவுத்தர் முதலாளியின் தோல் குடோனில், கிட்டங்கி என்போம், அதன் முற்றத்தில், ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊர் வள்ளியூருக்குப் பக்கம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பம்பாயில் இறங்கும்போது மாற்று வேட்டி ஒன்றுதான் கையில். இன்று செம்பூரில் என் பெயரில் பேட்டரிக் கடை இருக்கிறது, வடாலாவில் இன்னொன்று இருக்கிறது, பையன்கள் இருவரும் ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறார்கள். ஓடுகிற வண்டியின் டைனமோ சத்தத்தைக் கேட்டே கார்பன் தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். காது மந்தமாகிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். அது மனுஷர் பேசுகிறதற்குத்தான். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் வெட்கமில்லை. இத்தனை இருந்தும் இந்த வயதில் ஒரே ஒரு ஆளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கொஞ்சம் வெட்கம் என்றால் அதில்தான்.

அவன் பெயர் மைதீன். கடையநல்லூர்க்காரன், என் வயதுதான். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு காரேஜில் இருவரும் ஒன்றாகத்தான் வயர் வேலை கற்றோம். பிறகு தாராவியில் அறுபதடி ரோட்டில், நான் இந்தப் பக்கம், அவன் எதிர்ப்பக்கம், ஆளுக்கு ஒரு சாக்குப் பந்தல் கட்டி உட்கார்ந்தோம். தகரத்தில் 'ஆட்டோ எலக்ட்ரிக்' என்று இங்கிலீஷில் எழுதி மாட்டினோம். என் தகரத்தில் எழுத்து நூல் பிடித்த மாதிரி இருக்கும். அவனுடையது கோணல். ஆனால் வருகிற லாரி எல்லாம் அந்தக் கோணல் பக்கம்தான் முதலில் மூக்கைத் திருப்பும்.

வேலையில் நான் அவனுக்கு ஒரு படி மேலே. இதை அவனே ஒத்துக்கொள்வான், ஒத்துக்கொண்டும் இருக்கிறான். ஆனால் அவனிடம் வாய் இருந்தது. டிரைவர் ஒருத்தன் கோபமாக வந்து லைட் எரியவில்லை என்று கத்துவான். மைதீன் பீடியை எடுக்காமலே சொல்லுவான்: "லைட்டு எரியலையா? நல்லதாப் போச்சு அண்ணே. போலீஸ்காரனுக்கு ஒம்ம மூஞ்சி தெரியாதுல்லா." வந்தவன் சிரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவான். நானாக இருந்தால் ஃபியூஸ் போயிருக்கிறதா, வயர் போயிருக்கிறதா என்று கேட்டிருப்பேன். கேட்க வேண்டிய கேள்வியே அதுதானே? ஆனால் அந்தக் கேள்விக்கு யார் சிரிக்கப் போகிறார்கள்?

அவனுக்குச் சுருட்டை முடி. எனக்கு அப்போதே முன்பக்கம் வெளிச்சம். டீக்கடைக்காரன் அவனுக்குக் கேட்காமலே கட்டிங் சாய் கொண்டு வைப்பான். நான் தொண்டை கிழியக் கத்தினால்தான் எனக்கு வரும், வரும்போது ஆடை கட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அவனிடம் ஒரு வோல்ட் மீட்டர் இருந்தது. பழைய சாமான் விற்கிற சோர் பஜாரில் பிடித்தது. தோல் உறை போட்டு, வாரில் கோத்து, கழுத்தில் தொங்கவிட்டிருப்பான். அதைப் பார்த்து ஜனங்கள் அவனை 'டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் ஒரு சின்ன பல்பில் இரண்டு வயரைக் கட்டிக்கொண்டு அதே வேலையை அதைவிடச் சீக்கிரம் பார்ப்பேன். என்னைக் கூப்பிடுவது "ஏ பேட்டரி!"

அந்தக் காலத்தில் எங்கள் இருவருக்கும் பொதுவான கஷ்டம் ஒன்று இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். நாங்கள் எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர்கள், எங்கள் கடையில் கரண்ட் கிடையாது. சாக்குப் பந்தலுக்கு யார் மீட்டர் கொடுப்பான்? வண்டி பேட்டரி இறங்கிவிட்டால் அதைக் கைவண்டியில் வைத்து, கைவண்டி கிடைக்காத அன்றைக்குத் தலையில் வைத்து, மாட்டுங்காவுக்குக் கொண்டு போய்ச் சார்ஜுக்குப் போட்டுவிட்டு வர வேண்டும். ஆசிட் சிந்திச் சிந்தி என் பனியன் மீன் வலை மாதிரி ஆகிவிடும். மைதீன் பனியனிலும் ஓட்டை உண்டு. ஆனால் அவன் அதன்மேல் சட்டை போட்டிருப்பான்.

என் பந்தலுக்குப் பக்கத்தில், ராவுத்தர் முதலாளியின் கிட்டங்கி வாசலில் ஒரு ஷெட் சும்மா கிடந்தது. கதவு, பூட்டு, மேலே தகரம், சுவரில் கரண்ட் மீட்டர். அதன் முன்னால் நடந்து போகும்போதெல்லாம் என் கால் தானாக மெதுவாகும். அதற்குள் ஒரு சார்ஜர் பெட்டி வைத்தால் போதும், தாராவி பேட்டரியெல்லாம் என்னிடம் வந்துவிடும். அதைவிட, மைதீன் எதிரே சாக்குக்கு அடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். உண்மையைச் சொன்னால் இந்த இரண்டாவதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வராது.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காக வந்து, சண்டை முடிந்ததும் ஏலத்தில் போன கனத்த பிக்கப் அது. எருமை மூக்கு, பச்சைப் பெயிண்டுக்கு மேலே நீலப் பெயிண்ட், அதற்கு மேலே துரு. சாவி திருப்பி எடுக்கிற வண்டி இல்லை. தரையில் ஒரு பொத்தான் இருக்கும், அதைக் காலால் மிதித்தால்தான் என்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் சுற்றும். ஆடு அடிக்கிற இடத்திலிருந்து பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கி அதில்தான் கிட்டங்கிக்குக் கொண்டுவருவார்கள். பதனிட்ட தோலை அதில்தான் ஹார்பருக்கு அனுப்புவார்கள். தாராவிக்கு அப்போது இருந்த வாசனையை இன்றைக்கு வர்ணித்தால் நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். கடுக்காய், சுண்ணாம்பு, மீன் எண்ணெய், கொழுப்பு எல்லாம் சேர்ந்தது. எங்களுக்கு அது வாசனையே இல்லை. ஊருக்குப் போய் வேட்டியை உதறும்போதுதான் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள்.

ராவுத்தர் பெரிய மனுஷர், பாளையங்கோட்டைப் பக்கம். வியாழக்கிழமை சாயங்காலம் கிட்டங்கி முழுக்கக் கூட்டிக் கழுவி, சாம்பிராணி போடச் சொல்லுவார். வாரமெல்லாம் பச்சைத் தோல் சுமந்த வண்டி வெள்ளிக்கிழமை அழுக்கோடு நிற்கக் கூடாது. அதனால் வண்டிக்கும் குளிப்பாட்டு. கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, கடைசியில் அதற்கும் சாம்பிராணி காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் சரக்கு ஹார்பருக்குப் போய்விட வேண்டும். போய்விட்டால் முதலாளி நிம்மதியாகத் தொழுகைக்குப் போவார்.

வண்டி அந்த வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் எடுக்காது.

டிரைவர் சவரிமுத்து அண்ணன் சிலுவை போட்டுவிட்டுப் பொத்தானை மிதிப்பார். 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஹெட்லைட்டைப் போட்டால் மண்ணெண்ணெய் இல்லாத சிம்னி விளக்கு மாதிரி சிவப்பாக ஒரு கண் சிமிட்டும். ஹாரனை அடித்தால் அதுவும் அணைந்துவிடும். பிறகு கிட்டங்கி ஆட்கள் எல்லாரும் சேர்ந்து, "தக்கா மாரோ" என்று தள்ளித் தெருக்கோடி வரைக்கும் கொண்டு போவார்கள்.

"வண்டி ஜும்மாவுக்கு லீவு கேக்குது முதலாளி" என்பார் சவரிமுத்து அண்ணன்.

"அதுக்கு இருக்குற பக்தி ஒனக்கு இருந்தா நீ ஞாயித்துக்கெழம பூசைக்கு நேரத்துக்குப் போயிருப்பியேப்பா" என்பார் ராவுத்தர்.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், முதலில் என்னைத்தான். பேட்டரியைக் கழற்றி மாட்டுங்காவுக்குக் கொண்டு போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து சனிக்கிழமை மாட்டினேன். மிதித்ததும் கிளம்பியது. ஒரு டீ கிடைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் 'டொக்'. டைனமோவைப் பிரித்துக் கார்பன் மாற்றினேன். சனிக்கிழமை அருமையாக ஓடியது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை டொக்.

"எதுத்தாப்புல இருக்குற டாக்டரக் கூப்பிடு" என்று ராவுத்தர் சொன்னது என் பந்தல் வரைக்கும் கேட்டது.

மைதீன் மீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு போனான். செல்ஃப் மோட்டாரைக் கழற்றினான், புஷ் மாற்றினான், ஊதினான், துடைத்தான், நடுவில் ஏதோ சொல்லி முற்றம் முழுவதையும் சிரிக்க வைத்தான். சனிக்கிழமை மாட்டினான். வண்டி கிளம்பியது. ராவுத்தர் வீட்டிலிருந்து அவனுக்குச் சாப்பாடு வந்தது. தூக்குச் சட்டியில், மூடி போட்டு. நான் இங்கேயிருந்தே மோந்து பார்த்துச் சொல்லிவிட்டேன், கறிச் சாப்பாடு. நான் மாற்றிய கார்பனுக்கு டீ, அவன் மாற்றிய புஷ்ஷுக்குக் கறி! அன்று ராத்திரி நான் குடியிருந்த ஒற்றை அறைக் கோலியில் கஞ்சியை வைத்துக்கொண்டு அந்தத் தூக்குச் சட்டியை நினைத்தேன். கஞ்சி இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்கும் டொக். அன்றைக்குத்தான் எனக்குக் கஞ்சி ருசித்தது.

அந்த வண்டி சனிக்கிழமை யாரும் தொடாமலே ஓடும் என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. நாங்கள் கழற்றிய சாமானில் ஒன்றுக்கும் நோய் கிடையாது. வண்டி வெயிலில் நின்று காய்ந்தால் அதற்கு உயிர் வரும். நாங்கள் என்னவோ எங்கள் கைராசி என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தோம்.

ராவுத்தருக்குப் பொறுமை போய்விட்டது. இருவரையும் முற்றத்தில் நிறுத்தினார்.

"சனிக்கெழம கதையெல்லாம் எனக்கு வேண்டாம். வெள்ளிக்கெழம காலைல யாரு கை வச்சி இந்த வண்டி மிதிச்ச ஒடனே எடுக்குதோ, அவனுக்கு அந்த ஷெட்டு. எங்கிட்ட உள்ள லாரி வேலையும் அவனுக்குத்தான். மொதல்ல மைதீன் பாக்கட்டும். அவனால ஆகலைன்னா அடுத்த வாரம் நீ."

முதலில் மைதீன்! நான்தானே முதலில் வந்தவன்? தலையை ஆட்டினேன். உள்ளே மட்டும் டைனமோ ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மைதீன் யாரிடமோ இரவல் வாங்கிய புத்தம் புதுப் பேட்டரியை மாட்டினான். மீட்டரை வைத்து எல்லாருக்கும் முள்ளைக் காட்டினான். சவரிமுத்து அண்ணனை இறங்கச் சொல்லிவிட்டு அவனே ஏறி உட்கார்ந்தான். வாயில் பீடி. குளிர்ந்த என்ஜினை எடுக்க இழுக்கிற சோக் குமிழ் அந்த வண்டியில் எப்போதோ உடைந்துபோய் வெறும் கம்பிதான் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, காலால் பொத்தானை மிதித்தான். டொக். விடாமல் அழுத்தி மிதித்தான். எல்லாரும் என்ஜின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் கிட்டங்கி வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகம் எப்போது விழும் என்று பார்க்கத்தான் நின்றேன், வேறு எதற்கு?

திடீரென்று அவன் கையை வெடுக்கென்று எடுத்து உதறினான். விரலை ஊதினான். பிறகு வாயிலிருந்த பீடியை எடுத்து முறைத்துப் பார்த்து, கெட்ட வார்த்தை சொல்லி வெளியே எறிந்தான். நெருப்பு விழுந்துவிட்டது என்று நினைத்தான் போல. வண்டி எடுக்கவில்லை. தள்ளிக்கொண்டு போனார்கள்.

நான் என் பந்தலுக்கு வந்து உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. மைதீனை நான் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் பெண்டாட்டிகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். பீடி எப்போதும் அவனுக்கு இடது ஓரத்தில்தான் இருக்கும். ஊதியது வலது கை விரல். சோக் கம்பியைப் பிடித்திருந்த விரல். இடது ஓரத்துப் பீடி நெருப்பு அங்கே எப்படி விழும்? விடியக் காலை, குளிர்ந்த என்ஜின். கம்பி ஏன் சுட வேண்டும்?

கரண்ட் போகிற கம்பிதான் சுடும். சோக் கம்பியில் கரண்டுக்கு என்ன வேலை?

இதைப் படிக்கிற உங்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பேட்டரியிலிருந்து கரண்ட் வயர் வழியாகப் போய் வேலையைப் பார்த்துவிட்டு, வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பி வரும். அந்தத் திரும்புகிற வழிக்குத்தான் எர்த் என்று பெயர். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் அடிச் சட்டத்தையும் சேர்த்து ஒரு செம்புப் பட்டை போட்டிருப்பார்கள். அந்தப் பட்டை கெட்டால் கரண்டுக்கு வீட்டுக்குத் திரும்ப வழி இருக்காது. கிடைத்த சந்தில் நுழையும். டிரைவர் பக்கத்திலிருந்து என்ஜினுக்குப் போகிற மெலிந்த சோக் கம்பி கிடைத்தால் அதில் நுழையும். அத்தனையும் அந்தச் சந்தில் போனால் கம்பி சுடாமல் என்ன செய்யும்?

சரி, பட்டை கெட்டது என்றால் எல்லா நாளும் கெட வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் ஏன்? அதற்குத்தான் அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் போய்க் குந்திக்கொண்டேன். வண்டியைக் கழுவினார்கள். பின்பக்கப் பலகையில் வாரம் முழுக்கப் பச்சைத் தோலிலிருந்து இறங்கிய உப்பு, வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. அதன்மேல் வாளித் தண்ணீர். அந்தக் கிணற்றுத் தண்ணீரே பாதிக் கடல், கழிமுகம் பக்கத்தில்தான். முற்றம் சாக்கடைப் பக்கம் சரிவு, வண்டியின் மூக்கு அந்தப் பக்கம். உப்புத் தண்ணீர் சட்டத்தின் வழியாக வாய்க்கால் மாதிரி முன்னால் ஓடி, என்ஜினோடு ஒட்டிய கியர் பாக்ஸ் பக்கத்தில், அந்தப் பட்டை இருக்கிற இடத்தில், சொட்டிக்கொண்டிருந்தது.

நான் உள்ளே நுழைந்து மல்லாந்து படுத்தேன். முகத்தில் சொட்டியது. உதட்டில் பட்டதை நக்கிப் பார்த்தேன். ஊறுகாய் ஜாடி.

"ஏலே, அடியில போய் என்னத்தல நக்குதே?" என்றார் சவரிமுத்து அண்ணன், குனிந்து பார்த்து.

"வண்டிக்கு உப்புக் கூடிப்போச்சு அண்ணாச்சி."

செம்புப் பட்டை பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. தொட்டேன், முறுக்கு மாதிரி நொறுங்கி மார்பில் விழுந்தது. ஹெட்லைட் எர்த் போட்ட இடத்திலும் அதே கதை. காய்ந்திருக்கும்போது கொஞ்சநஞ்சம் ஒட்டிக்கொண்டு கரண்டைக் கடத்திவிடும், நனைந்தால் அந்தப் பச்சைப் பொருக்கு ஊறி இழைகளைப் பிரித்துக் கைவிட்டுவிடும். துருவைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் விடவில்லை. வெல்டிங் கடைக்காரனிடம் கெஞ்சி வாங்கிய கனத்த கேபிளைப் பேட்டரியிலிருந்து நேராகக் கியர் பாக்ஸ் போல்ட்டில் கொண்டு போய் முறுக்கினேன். சட்டத்துக்கு ஒன்று, லைட்டுக்குத் தனியாக ஒன்று. மேலே தண்ணீர் ஏறாமல் இருக்க, தோலுக்குத் தடவுகிற கொழுப்பையே எடுத்து அப்பினேன்.

வெளியே வந்து, "இன்னொரு தடவ கழுவுங்க" என்றேன்.

கிட்டங்கி ஆட்கள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். "ஊத்துங்கய்யா, நல்லா ஊத்துங்க" என்று நானே ஒரு வாளியை வாங்கி ஊற்றினேன். அப்போது எனக்கு வயது அப்படி.

வெள்ளிக்கிழமை காலையில் முற்றம் நிறைய ஆள். ராவுத்தர் வெள்ளை ஜிப்பாவில். மைதீனும் வந்து, புதிதாக ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு நின்றான். சவரிமுத்து அண்ணன் சிலுவை போட்டார். மிதித்தார். வண்டி ஒரு உறுமல் உறுமியது பாருங்கள், கூரையில் இருந்த காக்கை அத்தனையும் எழும்பிவிட்டது. ஹெட்லைட் சுவரில் இரண்டு நிலா.

ராவுத்தர் என் கையில் ஷெட் சாவியை வைத்தார். நான் சாவியைப் பார்க்கவில்லை. முதலில் மைதீன் முகத்தைத்தான் பார்த்தேன்.

அவன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்துக்கொண்டிருந்தான்.

அன்று அவன் முகம் கொஞ்சம் வாடியிருந்தால் என் வயிற்றெரிச்சல் அங்கேயே அணைந்திருக்கும். அதைக்கூட எனக்குத் தரவில்லை அவன்.

சாயங்காலம் புது ஷெட்டுக்கு ஒரு பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். "என்ன முதலாளி, சார்ஜுக்குப் போட எடம் இருக்கா, இல்ல இன்னமும் மாட்டுங்காவுக்கு நடக்கணுமா?" என்றான். அங்கே சவரிமுத்து அண்ணன் இருந்தார், கிட்டங்கி ஆட்கள் இருந்தார்கள். நான் பேட்டரியை இறக்கி வைத்தேன்.

"சரி மக்கா, சொல்லுல. எப்பிடிப் புடிச்ச?" என்றான் மைதீன்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "நீ போன வாரம் வெரல ஊதுன பாத்தியா, அதப் பாத்துத்தான். பீடி ஒனக்கு எடது பக்கம். சுட்டது வலது கை. அப்பம் சுட்டது பீடி இல்ல, கம்பி."

மைதீன் தன் விரலைத் தூக்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சாவியைப் பார்த்தான்.

"அடப்பாவி! அப்பம் கொப்புளம் எனக்கு, ஷெட்டு ஒனக்கா?"

சவரிமுத்து அண்ணன் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டார். கிட்டங்கி ஆட்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அத்தோடு அந்தக் கதை என் கையை விட்டுப் போய்விட்டது.

மைதீன் அதை டீக்கடையில் சொன்னான். மாட்டுங்காவில் சொன்னான். லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சொன்னான். ஒவ்வொரு தடவையும் கதை வளர்ந்தது. கொப்புளம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆனது. நான் வண்டிக்கு அடியில் போனது உடும்பு பொந்துக்குள் போனது மாதிரி ஆனது. ராவுத்தர் மாதிரியே பேசுவான், வண்டி மாதிரியே 'டொக்' என்பான், என்னை மாதிரி நாக்கை நீட்டி உப்பை நக்கிக் காட்டுவான். ராவுத்தரே அவனைக் கூப்பிட்டு, வந்திருக்கிற விருந்தாளிகளுக்கு அதைச் சொல்லச் சொல்லுவார். அன்றைக்கும் தூக்குச் சட்டி வரும்.

ஒரு தடவை யாரோ வடாலா லாரிக்காரன் என் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "மைதீன் பாய் கதையில வார ஆளு நீங்கதானா?" என்றான். கேட்டீர்களா? கதையில் வருகிற ஆள்! நோயைக் கண்டுபிடித்தவன் நான், கேபிள் போட்டவன் நான், சாவி வாங்கியவன் நான். ஆனால் கதையில் நான் சும்மா வந்து போகிறவன்.

ஷெட்டு வந்தது, கரண்ட் வந்தது, சார்ஜர் பெட்டி வந்தது. தாராவி பேட்டரியெல்லாம் நினைத்தபடியே என்னிடம் வந்தன. டிரைவர்கள் பேட்டரியை என்னிடம் போட்டுவிட்டு, அது ஏறுகிற வரைக்கும் ரோட்டைத் தாண்டிப் போய் மைதீனுடைய சாக்குப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் மட்டும் இந்தப் பக்கம் வரும். மீட்டர் உள்ள ஷெட்டில் ஆசிட் குமிழ் விடுகிற சத்தத்தோடு நான் தனியாக இருப்பேன். என் ஷெட்டைப் பார்த்து அவன் ஏங்க வேண்டும் என்று நினைத்த இடத்திலிருந்து நான் அவன் பந்தலைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி வீட்டுக்காரியை அழைத்து வந்த புதிதில், முதல் வேலையாக அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். எர்த் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். பாதியில் கொட்டாவி விட்டாள். "இத மைதீன் அண்ணன் சொன்னா நல்லா இருக்குமாமே? பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. ஒருநா சாப்பிட வரச் சொல்லுங்களேன்." வரச் சொன்னேன். வந்தான், சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல் கட்டம் வந்தபோது என் வாயும் என்னைக் கேட்காமல் சிரித்துவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பிறகு மைதீன் துபாய்க்குக் கப்பல் ஏறினான். கொஞ்ச நாள் அங்கே அவன் நன்றாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டு வயிறெரிந்தேன். பிறகு அங்கேயே மவுத்தாகி அடக்கமும் ஆகிவிட்டான் என்று கடையநல்லூர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டேன். சவரிமுத்து அண்ணன் ஊரோடு போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். ராவுத்தர் காலம் முடிந்தது. தோல் கிட்டங்கிகள் ஒவ்வொன்றாகத் தாராவியை விட்டுப் போயின, அந்த வாசனையும் போனது. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

தோசை தின்றுவிட்டு வந்த அன்று பேரன் பேத்திகள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். போட்டிக்கு எதிரே யாருமில்லை, கதை முழுக்க என்னுடையது. உட்கார்த்தி வைத்துச் சொன்னேன். உப்புத் தண்ணீர், செம்புப் பட்டை, கேபிள், சாவி, எல்லாம் சரியாக, வரிசையாக. பெரிய பேரன் "நைஸ், தாத்தா" என்று இங்கிலீஷில் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"கொப்புளம் எனக்கு, ஷெட்டு ஒனக்கா" என்று மைதீன் குரலில் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் அவன் கொஞ்ச நேரம் சும்மா நிற்பான். அந்தச் சும்மா நிற்கிறதில்தான் எல்லாருக்கும் சிரிப்பு முட்ட ஆரம்பிக்கும். அப்போது கூட்டத்தைப் பார்ப்பானா, என்னைப் பார்ப்பானா? வீட்டுக்காரியைக் கேட்டேன், அவளுக்கும் ஞாபகம் இல்லை. வேறு யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பார்த்தவர்கள் வேறு ஒருவரும் இன்று இல்லை.